மீன்கொத்தியைப் படமெடுத்தவன் பச்சிளங்குழந்தையைப் படமெடுக்கலாமா?

சேற்றுக்கால்:

எட்டு ஆண்டுகளாகப் பறவைகளை மட்டுமே படமெடுத்து வருகிறேன். தொழில் வேறு, இது விடுமுறை நாள் பித்து. மீன்கொத்தி நீரில் பாயும் ஒரு நொடிக்காக நான்கு மணி நேரம் சேற்றில் அசையாமல் குந்தியிருந்திருக்கிறேன். காதில் கொசு கடித்தும் கையைத் தூக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு இந்த வாரம் அடிவயிற்றைக் கலக்குகிறது.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்று ஆறாவது நாள். வரும் ஞாயிற்றுக்கிழமை நான்தான் படமெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். "உன்னிடம்தான் அவ்வளவு பெரிய கேமரா இருக்கிறதே" என்பது அவளுடைய வாதம். அவள் பெரிது என்று நினைப்பது என் 300 மி.மீ. லென்ஸை. அதில் குழந்தையின் முழு உருவமும் அடங்க வேண்டுமானால் நான் அடுத்த அறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அதைத் தவிர என்னிடம் இருப்பவை கிராப் சென்சார் (சற்றுச் சிறிய சென்சார் கொண்ட) கேமரா ஒன்று, வாங்கிய நாளிலிருந்து பெட்டிக்குள்ளேயே தூங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஒரு பிளாஷ். நேற்று வீட்டில் ஒரு துணிப் பொம்மையைப் படுக்கவைத்து ஒத்திகை பார்த்தேன். ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல், மூக்கு இருக்கும் இடமே தெரியவில்லை. முன்தினம் குழந்தையைப் பார்க்கப் போனபோது செல்போனில் எடுத்த இருபது படங்கள் அதைவிட மோசம். முகம் செக்கச்செவேல் என்று இருக்கிறது, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறது, கண்ணுக்குக் கீழே கருநிழல். நேரில் அவ்வளவு அழகாக இருப்பவள் படத்தில் கோபக்காரக் கிழவர் போலத் தெரிகிறாள்.

அத்தான் வேறு ஒரு படத்தை அனுப்பி, இதைப்போல ஒன்று வேண்டும் என்கிறார். குழந்தை தன் இரண்டு உள்ளங்கைகளிலும் தாடையை ஊன்றித் தவளைபோல உட்கார்ந்தபடி தூங்குகிறது. இதை எப்படிச் செய்கிறார்கள்? பிளாஷ் போட்டால் கண் கெடுமா? எத்தனை மணிக்குப் போவது? குழந்தையைத் தூக்கவே எனக்குக் கை நடுங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜன்னலோரம்:

தம்பி, பிறந்த குழந்தைகளைப் படமெடுப்பதுதான் பதினொரு ஆண்டுகளாக என் பிழைப்பு. முதலில் அந்தத் தவளைப் படத்தை அத்தானின் செல்போனிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள்.

அது ஒரு படம் அல்ல, இரண்டு. ஒன்றில் உதவியாளர் குழந்தையின் தலையைப் பிடித்திருப்பார். இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். பிறகு கணினியில் இரண்டையும் இணைத்து, பிடித்திருந்த கைகளை அழித்துவிடுவோம். பிறந்த குழந்தையின் கழுத்தால் தலையைத் தாங்க முடியாது. பிடியை விட்டால் அப்படியே முன்னால் சரியும். கிளையில் தொங்கும் துணித் தொட்டில் படங்களும் அதே வித்தைதான். குழந்தை தரையில் பத்திரமாக இருக்கும். இதை அறியாமல் வீட்டில் முயன்று பார்ப்பவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. நீங்கள் எந்தப் பாவனையும் வைக்கப் போவதில்லை. குழந்தை எப்படிக் கிடக்கிறதோ அப்படித்தான்.

உங்கள் செல்போன் படங்களின் நோய் எனக்குப் பார்க்காமலே தெரிகிறது. டார்ச்சை முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு பேய்க்கதை சொல்வோமே, அதுதான் நடந்திருக்கிறது. குழந்தையின் கால் ஜன்னல் பக்கம் இருந்திருக்கும். படுத்திருப்பவரின் காலடியிலிருந்து வரும் வெளிச்சம் முகத்துக்குக் கீழிருந்து வரும் வெளிச்சம் என்பது பலருக்கு உறைப்பதில்லை. குழந்தையைத் திருப்பிப் போடுங்கள். வெளிச்சம் உச்சந்தலைப் பக்கமிருந்து, சற்றுச் சாய்வாக, நெற்றி வழியாக இறங்கி வர வேண்டும். மூக்கின் நிழல் மேலுதட்டை நோக்கிச் சின்னதாக விழுந்தால் சரி. கண்ணை நோக்கி ஏறினால் தவறு. இந்த ஒன்றைச் சரிசெய்தாலே கிழவர் காணாமல் போவார்.

அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்போம்: ஜன்னல் வெளிச்சம் 5500 கெல்வின் அளவில் இருக்கும், மஞ்சள் பல்பு 2700-இல் இருக்கும். இரண்டும் ஒரே கன்னத்தில் விழுந்தால் வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் எந்த ஒயிட் பேலன்ஸும் உதவாது. சுவர், திரை, விரிப்பு, ஏன் உங்கள் சட்டை நிறம்கூட அந்தத் தோலில் ஏறும். வெள்ளை அல்லது சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

பொம்மையின் மூக்கு எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். உங்கள் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து, 60 செ.மீ. தொலைவிலிருந்து எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். இமைக்கும் மூக்கு நுனிக்கும் இடையில் அதைவிட அதிக தூரம் இருக்கிறது. லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப் 4-க்கு வாருங்கள், இரண்டு சென்டிமீட்டர் கிடைக்கும். அருகில் உள்ள கண்ணின் இமைமயிரில் ஒற்றைப் புள்ளியை வைத்துக் குவியுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் மூடிய கண்ணில் அடிக்கடி தடுமாறும், நம்பாதீர்கள். எஃப் 1.8-ஐப் பாதத்துக்கும் காதுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் 1/160 நொடி போதும். பறவைகளை எடுக்கிற பழக்கத்தில் 1/2000 வைத்து, அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வை) ஏற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று. இருண்ட தண்ணீருக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, குறைப்பீர்கள் அல்லவா? வெள்ளைத் துணி சட்டகம் முழுக்க இருக்கும்போது நேர்மாறு. கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை 0.7 கூட்டுங்கள்.

மூக்கு பெரிதாகத் தெரிவது செல்போனின் அகல லென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதால். ஒரு எட்டுப் பின்வாங்கி 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். அழகூட்டும் வசதி ஏதாவது இயங்கினால் நிறுத்துங்கள். ஒன்பதாம் நாள் தோல் உரியும், மூக்கின் மேல் வெண்புள்ளிகள் இருக்கும். அதையெல்லாம் மழமழவென்று துடைத்துவிட்டால் மிஞ்சுவது பொம்மை. அதைத்தான் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களே.

பிளாஷ் சாதாரணமாகக் கண்ணைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் நேராக அடித்தால் குழந்தை திடுக்கிடும், படமும் தட்டையாகிவிடும். ஜன்னல் இருக்கும்போது அது எதற்கு?

சேற்றுக்கால்:

கொக்கு உதாரணத்துக்கு நன்றி அக்கா, சட்டென்று புரிந்துவிட்டது. அறையில் மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான். எப்போது போவது? தூங்கும்போது எடுப்பதா, விழித்திருக்கும்போதா?

ஜன்னலோரம்:

மேற்கு என்றால் காலை. நேர்வெயில் உள்ளே விழாத வெளிச்சம் மென்மையாக இருக்கும். பிற்பகல்தான் வாய்க்கிறது என்றால் மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலில் தொங்கவிடுங்கள்.

கடிகாரத்தைப் பார்த்துப் போகாதீர்கள், பால் குடித்து ஏப்பம் விட்ட நேரத்தைப் பாருங்கள். இந்த வயதில் ஒரு நாளில் 16, 17 மணி நேரம் தூக்கம்தான், ஆனால் துண்டு துண்டாக. அந்தத் தூக்கத்திலும் இரண்டு வகை உண்டு. முதலில் வருவது கலகலப்பான தூக்கம். இமைக்குள் விழி ஓடும், மூச்சு ஒழுங்கில்லாமல் வரும், உதடு சுழிக்கும், திடீரென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பு யாரையும் பார்த்துச் சிரிப்பதல்ல. முகம் பார்த்துச் சிரிக்க ஆறு வாரம் ஆகும். ஆனாலும் படத்தில் சிரிப்பு சிரிப்புதான். அதற்காக அப்போது கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காதீர்கள், குழந்தையையும் தொடாதீர்கள். இருபது நிமிடம் போல ஆனதும் ஆழ்ந்த தூக்கம் வரும். மூச்சு சீராகும், கையை லேசாகத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழும். துணி மாற்ற, விரலைப் பிரிக்க, போர்வையை விலக்க அதுதான் நேரம்.

விழித்திருந்தால் அக்காவைக் குனியச் சொல்லுங்கள். குழந்தைக்கு இப்போது 20 முதல் 30 செ.மீ. தொலைவுதான் ஓரளவு தெளிவு. உங்கள் லென்ஸை அது பார்க்காது; அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள்.

கால் பக்கமிருந்து மேல்நோக்கி மட்டும் எடுக்காதீர்கள். இரண்டு மூக்குத் துளைகளின் படம்தான் கிடைக்கும்.

இரவுப்பணி:

பிறந்த குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். படக்கலை தெரியாது. ஆனால் மேலே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு தந்தை என்னிடம் செல்போனை நீட்டி, மாலை வெயிலில் குழந்தை தங்கம்போல இருக்கிறது பாருங்கள் என்று பெருமைப்பட்டார். படம் உண்மையிலேயே அழகு. எடுத்த நேரத்தைப் பார்த்தேன்: காலை பத்து மணி. போய்க் குழந்தையின் உள்ளங்காலைப் பார்த்தோம், அதுவும் மஞ்சள். இரண்டு நாள் நீல ஒளிச் சிகிச்சையில் வைத்திருந்து சரியாகி வீட்டுக்குப் போனது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேலானவர்களுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை தட்டும். பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். முகத்தில் தொடங்கி மார்பு, வயிறு, கால் என்று அது இறங்கிக்கொண்டே போனாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீங்கள் சொல்லும் ஒயிட் பேலன்ஸ் இந்த மஞ்சளை அழகாக மறைத்துவிடும். ஆகவே திரையைப் பார்த்து நிறத்தைத் திருத்துவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் குழந்தையின் வெண்விழியை நேரில் பாருங்கள். தோல் கறுப்பாக இருந்தால் விழியும் ஈறும்தான் காட்டிக்கொடுக்கும்.

கையும் காலும் சற்று நீலமாக இருந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் அப்படித்தான் இருக்கும், மூடிவிடுங்கள். துணியை இறுக்கிச் சுற்றியதால் என்றால் தளர்த்துங்கள். உதடோ நாக்கோ நீலமானால் கேமராவைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

துணியில்லாமல் எடுப்பதானால் அறை 26, 27 டிகிரியில் இருக்கட்டும், மின்விசிறி வேண்டாம். உங்களுக்கு வியர்த்தால் நல்லது, குழந்தைக்கு வியர்த்தால் கெட்டது. ஹீட்டரைக் குழந்தையை நோக்கித் திருப்பக் கூடாது. தொப்புள்கொடித் தண்டு ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் விழும். ஒன்பதாம் நாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். துணி உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்கவைத்து எடுத்தால் படம் முடிந்த கணமே மல்லாத்திவிடுங்கள், அதுவரை ஒருவருடைய கை அருகிலேயே இருக்க வேண்டும்.

மேலிருந்து எடுக்கும்போது கேமராப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் இருக்கும் பேனா, லென்ஸ் மூடி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். குனிந்தால் விழுவது நேராக அந்த நெற்றியில்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி மோதிரத்தைக் கழற்றுங்கள். சளி, இருமல் இருந்தால் அடுத்த வாரம் போங்கள். சேற்றில் குந்தியிருந்த கையோடு நேராகப் போவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

முப்பத்தாறு:

என் மகன் பிறந்தது 1987-இல். ஒரு பிலிம் ரோல், 36 படம். எண்ணி எண்ணி மூன்று வாரத்துக்கு எடுத்தேன். கழுவக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, பிலிம் முனை உருளையில் மாட்டவே இல்லை. ரோல் சுற்றாமல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. முப்பத்தாறும் காற்று. அவனுடைய முதல் மாதத்துக்கு எங்களிடம் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த ஒரே படம், அதிலும் பாதி அவருடைய கட்டைவிரல்.

உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வேறு கவலை உண்டு. அன்று மாலையே வேறு வேறு இடங்களில் இரண்டு பிரதிகள் வையுங்கள். பத்துப் படமாவது அச்சிடுங்கள். பின்னால் தேதியை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும்.

இரண்டாவது சுற்று:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பிறந்த மாதத்தில் எடுத்த நானூறு படங்கள் இருக்கின்றன. அவற்றில் நான் இருப்பது மூன்றில். ஒன்றில் முழங்கை மட்டும்.

யாரும் வேண்டுமென்று விடவில்லை. "இரு, இரு, நீ நகர்ந்துகொள், குழந்தை மட்டும் வரட்டும்" என்பார்கள். நானும் நகர்ந்துகொள்வேன். தலை வாரியிருக்க மாட்டேன், இரவுச் சட்டையில் பால்கறை இருக்கும், முகம் வீங்கியிருக்கும். என்னை எடுக்காதே என்று நானே கத்தியும் இருக்கிறேன். இப்போது அவனுக்கு ஒன்பது வயது. "அம்மா, நான் பிறந்தபோது நீ எங்கே போயிருந்தாய்?" என்று கேட்கிறான்.

ஆகவே உங்கள் அக்கா மறுத்தாலும் எடுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள், நிமிர்ந்து உட்காரச் சொல்லாதீர்கள், தையல் வலிக்கும். முகம் வேண்டாம் என்றால் கழுத்துக்குக் கீழே எடுங்கள், தோளில் சாய்ந்த தலையும் அதைத் தாங்கும் கையும் போதும். பிறகு காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அழிக்காமல் எடுத்து வைத்துவிட்டு ஐந்து வருடம் கழித்துக் காட்டுங்கள்.

மருத்துவமனையில் கட்டிய கைப்பட்டை இன்னும் இருந்தால் அதையும் ஒரு படம். வீட்டுக்கு மட்டும்தான், வெளியே பகிரும் படத்தில் அதிலுள்ள எழுத்து தெரிய வேண்டாம். செல்போன் படத்தில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

சேற்றுக்கால்:

போய் வந்துவிட்டேன்.

காலை எட்டரைக்குப் போனேன். பன்னிரண்டு வரை இருந்தேன். கேமரா கையில் இருந்தது மொத்தம் நாற்பது நிமிடம் இருக்கும். மீதி நேரமெல்லாம் பால், ஏப்பம், துணி மாற்றம், மறுபடி பால். வெள்ளைத் துணி விரித்து, தலையை ஜன்னல் பக்கம் வைத்து, இமைமயிரில் குவித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தப் போனேன், துணி நனைந்தது. இரண்டாவது துணியும் நனைந்தது. மூன்றாவது அத்தானின் பழைய வேட்டி. அதில்தான் நல்ல படங்கள் வந்தன.

ஷட்டர் சத்தம் கேட்காமல் வைத்திருந்தேன். ஆனால் குனிந்தபோது என் முழங்கால் மூட்டு சடக்கென்றது. அதற்கு இரண்டு கைகளையும் விரித்துத் திடுக்கிட்டாள் பாருங்கள், பத்து விரலும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. பயத்தில் நான் அழுத்தவில்லை. எட்டு வருடப் பழக்கம், மீன்கொத்தி என்றால் விட்டிருப்பேனா? அதன்பிறகு தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இமைக்குள் விழி ஓடுவதைக் கவனித்து, ஜன்னலோரம் அக்கா சொன்னபடி கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் இருந்தேன். உதடு சுழித்தது, சுருங்கியது, ஒரு பக்கம் மட்டும் ஏறியது. கிடைத்தது. பாதிச் சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. வெண்விழியைப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது. மறுநாள் மருத்துவரும் பார்த்துவிட்டார். கையைத் தூக்கிப் பார்த்தேன், தொப்பென்று விழுந்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டும் பார்த்தேன், நடுங்கவில்லை.

அக்கா முதலில் முறைத்தாள். கழுத்துக்குக் கீழே என்று பேரம் பேசி ஆரம்பித்து, நான்காவது படத்தில் முகமும் வந்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை. இன்னும் காட்டவில்லை, ஐந்து வருடக் கணக்கு தொடங்கிவிட்டது.

231 எடுத்தேன், 14 தேறும். கூட்டிய 0.7-ஐத் திரும்பக் குறைக்க மறந்து, கதவருகில் எடுத்த ஏழு படங்கள் வெளிறிப் போயின. பாதத்தை அத்தானின் உள்ளங்கையில் வைத்து எஃப் 1.8-இல் எடுத்ததில் கட்டைவிரல் மட்டும் கூர்மை, குதிகால் மேகம். எனக்குப் பிடித்திருக்கிறது. அத்தான் தவளைப் படத்தைப் பற்றி மறுபடி ஒருமுறை கேட்டார். இரண்டு படங்களை இணைப்பது என்று விளக்கினேன், ஏதோ ஏமாற்றப்பட்டவர் போல முகம் வாடிவிட்டது.

ஒரே சிக்கல். ஜன்னல் திரை பச்சை. விலக்கித்தான் வைத்திருந்தேன், ஆனாலும் பாதிச் சிரிப்புப் படத்தில் இடது கன்னம் முழுக்கப் பச்சை படிந்திருக்கிறது. நிறத்தைத் திருத்தினால் வலது கன்னம் சிவக்கிறது. என்ன செய்யலாம்?

ஜன்னலோரம்:

திரையை விலக்கக் கூடாது தம்பி, கழற்ற வேண்டும். கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டு முதல் வேலையாகக் கழற்றுங்கள், உங்கள் மூட்டுச் சத்தத்தோடு.